மிதிக்காத நேரத்துச் சத்தம்

சைக்கிளில் எனக்கு மிகவும் பிடித்தது, மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரத்து ஃப்ரீவீலில் எழும் அந்த 'டிக்டிக்டிக்' சத்தம். நகரத்தில் அதை ஹாரன்கள் விழுங்கிவிடும். திருவானைக்காவல் தாண்டி, கல்லணை சாலையில் உத்தமர்சீலி பக்கம் வந்துவிட்டால் தெளிவாகக் கேட்கும். ஒருபுறம் காவிரி, மறுபுறம் கொள்ளிடம், நடுவே வாழைத்தோப்புகள். காற்றடித்தால் கிழிந்த இலைகள் சலசலக்கும். ஈரமண்ணும் சருகும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதும்.

ஆடி மாதத்து மேல்காற்று கல்லணை போகும்போது முதுகைத் தள்ளிவிடும். திரும்பும்போது நெஞ்சுக்கு நேரே நிற்கும். அதோடு மல்லுக்கட்டக் கூடாது. கியரை ஒன்று இறக்கி, முதுகைக் கொஞ்சம் தாழ்த்தி, மூச்சின் போக்கில் மிதித்தால் தொடை கடுக்காமல் வண்டி நகரும். அந்த நிதானம் கைவர நாளாகும். வந்துவிட்டால் வேகத்தைப் பற்றிய நினைப்பே வராது. வழியில் நெல் காயப்போட்டிருந்தால் இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போவேன். மணிகள்மேல் டயரை ஏற்ற மனசு வராது, அவசரமும் இல்லையே. போவதென்றால் விடியற்காலையில் கிளம்புங்கள். 9 மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும்.