சிறை அறைக்கு வாடகை

வித்தியாசமான விடுதி என்று பெயர் எடுப்பது எளிது. சுவரில் விநோதமான ஓவியம், கூரையிலிருந்து தொங்கும் கட்டில், குளியலறையில் வண்ண விளக்கு போதும். அந்த வித்தியாசம் கட்டடத்துக்குச் சொந்தமா, மேலே ஒட்டியதா என்று பார்த்தால்தான் தரம் தெரியும். சிறைச்சாலை விடுதியாகும்போது அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு அது என்ன மரியாதை செய்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். ஸ்டாக்ஹோமில் உள்ள லாங்ஹோல்மன் விடுதியை இந்த இரண்டு கேள்விகளோடுதான் அணுக வேண்டும்.

விடுதி இருக்கும் லாங்ஹோல்மன் தீவில் 1724இல் பெண்களுக்கான நூற்புச் சிறை தொடங்கியது. அங்கே அடைக்கப்பட்ட பெண்களுக்கு நூல் நூற்பதே தண்டனை. பின்னர் அது ஸ்வீடனின் பெருஞ்சிறைகளில் ஒன்றாக வளர்ந்தது. அந்நாட்டின் கடைசி மரண தண்டனை 1910 நவம்பரில் இங்கேதான் நிறைவேறியது. 1975இல் சிறையை மூடினார்கள். 1989இல் விடுதி திறந்தது. இன்று தீவு பசுமையாக இருப்பதும் கைதிகளின் உழைப்பால்தான். வெறும் பாறையாகக் கிடந்த நிலத்தில், 19ஆம் நூற்றாண்டில், நீருக்கடியிலிருந்து எடுத்த சேற்றைக் கொண்டுவந்து பரப்பியவர்கள் அவர்களே.

விடுதி செய்த நல்ல காரியம், சிறை அறையைச் சிறை அறையின் அளவிலேயே விட்டது. மெத்தை உண்டு, வெப்பமூட்டி உண்டு. சுவர்கள் மட்டும் விலகவில்லை. கோடையில் இது பெரிதாகத் தெரியாது. இரவில்கூட வெளிச்சம் மிஞ்சும் நாட்களில் அறைக்குத் தூங்க மட்டுமே வருவோம். டிசம்பரில் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மீதிப் பொழுதில் பெரும்பகுதி நான்கு சுவருக்குள் கழியும். அப்போதுதான் அந்த அளவு உடம்புக்கு உறைக்கும். ஆனாலும், சாவி நம் கையில் இருக்கிறது. சிறையை அனுபவித்தேன் என்று சொல்ல எந்த விருந்தினருக்கும் உரிமை கிடையாது; அறையின் நீள அகலத்தை அறிந்தேன் என்று சொல்லலாம்.

அதிலும் ஒரு குறை உண்டு. தண்டனைக் கைதிகள் இருந்த பெரிய கட்டடம் 1980களில் இடிபட்டுவிட்டது. விடுதியாக மிஞ்சியிருப்பது பழைய விசாரணைச் சிறை. தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்களின் அறையில் படுத்துக்கொண்டு, முழுச் சிறையையும் கண்டுவிட்டதாக எண்ணினால் அது பிழை. அதே வளாகத்தில் இருக்கும் அருங்காட்சியகம்தான் அந்த வரலாற்றைச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் இந்த விடுதி வெறும் வேடிக்கையாகியிருக்கும்.

வேடிக்கையாகிப்போனதற்கு பாஸ்டன் உதாரணம். 1851இல் எழுந்த சார்ல்ஸ் தெருச் சிறையின் நிலைமை கைதிகளின் அரசியல் சட்ட உரிமைகளை மீறுவதாக 1973இல் கூட்டாட்சி நீதிமன்றமே சொன்னது. 2007இல் அது லிபர்ட்டி ஓட்டலானது. கட்டடத்தை மீட்ட வேலை சிறப்பானது, சந்தேகமில்லை. ஆனால் உணவகத்துக்குச் சிறையைக் குறிக்கும் கொச்சைச் சொல்லான 'கிளிங்க்', மதுக்கூடத்துக்கு, குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்ததாகச் சொல்லும் வாதத்தைக் குறிக்கும் 'அலிபை' என்று பெயர் சூட்டினார்கள். மனிதர்களை மனிதர்களாக நடத்தாத இடத்தில் அந்தப் பெயர்கள் கூசுகின்றன. லாட்வியாவின் கரோஸ்தா சிறை இன்னும் ஒரு படி மேலே போகிறது: காவலர் வேடமிட்டவர்கள் விருந்தினரை அதட்டுகிறார்கள். வலியைப் பொழுதுபோக்காக விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹெல்சின்கியின் கதாயனோக்கா நடுவில் நிற்கிறது. 2002இல் மூடிய சிறை, 2007இல் விடுதியானது. நீண்ட நடைவழியையும் மதிலையும் காப்பாற்றியிருக்கிறார்கள். விருந்தினர் அறைகளுக்காகச் சிறை அறைகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டார்கள். வசதி கூடியது; சிறையின் அளவு போய்விட்டது. நெருக்கமான இடத்தில் மூச்சு முட்டுபவர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் அதுவே பொருத்தம்.

மற்றவர்கள் லாங்ஹோல்மனையே தேர்ந்தெடுக்கலாம். இந்த நான்கில் நேர்மையானது அதுதான். குளிர்காலத்தில் இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம். அறை அதைத் தாங்காது. அருங்காட்சியகத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள், அறைக்குள் போகும் முன்பாக.