சலசலக்காத ஆறு

போன வருஷம் ஒரு பயணக் கட்டுரை எழுதினேன். உலு லங்காட் மலைக்குள், சுங்கை சோங்காக் ஓரத்தில் ஒரு பலகை வீட்டு விடுதியில் ரெண்டு ராத்திரி தங்கியதைப் பற்றி. அதில், ஆற்றின் சலசலப்பில் மனம் மௌனமானது என்று ஒரு வாக்கியம் வரும். படித்தவர்கள் அதைத்தான் பாராட்டினார்கள். இப்போது அதைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. பொய் எழுதியிருக்கிறேன்.

அந்த ஆறு சலசலக்கவே இல்லை. பாறைக்குப் பாறை மோதி இரைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் தண்ணீர் போத்தலைக் கேட்கக்கூட கத்த வேண்டியிருந்தது. முதல் ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை. அடைமழை என்று நினைத்து எழுந்து வந்து பார்த்தால், வாசல் காய்ந்து கிடக்கிறது. மௌனமாம்!

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ஏற்கெனவே படித்த கட்டுரைகளிலிருந்துதான். நம் வயதுக்காரர்கள் எழுதும் மலை விடுதிக் கட்டுரை, கவிதை எதை எடுத்தாலும் ஆறு ஒரே வேலையைத்தான் செய்கிறது: எழுதுகிறவரை ஆற்றுப்படுத்துகிறது. தேநீர்க் கோப்பை, மூடுபனி, ஒரு புத்தகம், பின்னணியில் ஆறு. அந்த ஆற்றுக்குப் பெயர் இருக்காது. மேலே எங்கே பிறக்கிறது, கீழே எந்த ஊருக்குப் போகிறது, எதுவும் இருக்காது. தேநீர் போட்டுக் கொடுத்தவரும் இருக்க மாட்டார்.

நான் விட்டுவிட்டவர் ஒரு பாக்சிக். விடுதியைப் பார்த்துக்கொள்பவர், அறுபது வயசு இருக்கும். இரண்டாம் நாள் மத்தியானம் நாங்கள் மூன்று பேரும், நான் கிள்ளான், மற்ற ரெண்டு பேரும் பிரிக்பீல்ட்ஸ், நீலநிற பிளாஸ்டிக் நாற்காலியை ஆற்றுக்குள் போட்டு மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். பாக்சிக் படியில் ஓடி வந்து கையைக் காட்டிக் கத்தினார். ஆற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கோபமாக இருக்கிறார் போல, நாற்காலியை எடுத்தது பிடிக்கவில்லை போல என்று நினைத்தோம். கிட்டே வந்ததும்தான் காதில் விழுந்தது: "கெப்பாலா ஆயெர்!"

தண்ணீரின் தலை. மலை உச்சியில் பெய்த மழை மொத்தமாகத் திரண்டு, கீழே சொட்டு மழைகூட இல்லாத இடத்தில் திடீரென்று வந்து இறங்குவது. மலாய் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த சொல். நம் எழுத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. ஏறி நின்ற சில நிமிஷத்தில் தண்ணீர் தே தாரேக் நிறமானது. இலை, சுள்ளி, பிறகு ஒரு முழு மரக்கிளை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். சத்தம் மாறிவிட்டது என்றார். அதே சத்தத்தை ஒன்றரை நாளாக நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் மாறவில்லை.

இது என் தனிப்பட்ட அறியாமை என்றால் விட்டுவிடலாம். ஆனால் தமிழில் மலை ஆறு எப்போதும் இப்படி இருந்ததில்லை. குறிஞ்சிக்கு உரிய பொழுது யாமம், நடுராத்திரி. அந்த இருட்டில் தலைவன் காட்டாற்றைக் கடந்து வரவேண்டும். தோழி என்ன சொல்கிறாள்? வழியில் யானை, புலி, ஆற்றில் முதலை, ராத்திரி வராதே, சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கொள் என்கிறாள். வரைவு கடாதல் என்று அதற்குத் துறையே இருக்கிறது. வெள்ளம் இழுத்துப் போகும் பெண்ணைக் காப்பாற்றுவதில் தொடங்கும் காதலுக்குப் புனல்தரு புணர்ச்சி என்று பெயர். ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோனது, ஆதிமந்தி தேடி அலைந்தது, எல்லாருக்கும் தெரியும். அங்கே ஆறு அழகாகவும் இருக்கிறது, ஆளையும் கொல்கிறது. ஒன்றை நீக்கி இன்னொன்றை வைத்துக்கொள்ள முடியாது. நாம் நீக்கிவிட்டோம்.

ஏன்? எனக்குத் தோன்றுவது, நாம் ஆற்றை வாடகைக்கு எடுக்கிறோம். பிரிக்பீல்ட்ஸ் ஓரம் ஓடும் கிள்ளான் ஆறு சிமெண்டுக் கரைக்குள் போகிறது. கார் கண்ணாடி வழியாகத்தான் அதைப் பார்க்கிறோம். கொஞ்சம் முந்தைய தலைமுறை அப்படியில்லை. என் பாட்டி உலு சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர். "மேல மலை கறுத்தா ஆத்துல கால வைக்காதடா" என்பார். சின்ன வயசில் அதைக் கிழவி பயம் என்று நினைத்தேன். இப்போது தோழியின் குரலாகக் கேட்கிறது.

அதே உலு சிலாங்கூரில்தான், பாத்தாங் காலி மலைப்பாதையோர முகாமில், 2022 டிசம்பர் 16 அதிகாலை மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். ஓய்வெடுக்கப் போனவர்கள். அதற்கு முந்தின வருஷம் டிசம்பர் 18ஆம் தேதி மழையில் உலு லங்காட் கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. பாக்சிக் வீட்டுச் சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, என் தோளுக்கு மேலே. அதையும் நான் பார்த்தேன். கட்டுரையில் எழுதவில்லை. 'மனநிலை கெட்டுவிடும்' என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சுங்கை சோங்காக் போய்ச் சேருவது லங்காட் ஆற்றில். அந்த ஆற்றின் பெயரிலேயே நம்மிடம் ஒரு நாவல் இருக்கிறது, அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் கரையோரத் தமிழர்கள் பட்ட பாட்டைப் பேசும் நாவல். மொழியில் எனக்குச் சில புகார்கள் உண்டு, தகவல் சொல்லும் அவசரம் அதிகம். ஆனால் அதன் ஆற்றை யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. அங்கேயே இருக்கிறார்கள், தப்ப வழியில்லை. விடுதிக்குப் போகும்போது என் பையில் அந்த நாவல் இல்லை. வேறொரு மொழிபெயர்ப்புக் கவிதைத் தொகுப்பு இருந்தது, படத்தில் அட்டை நன்றாக விழும் என்று.

கட்டுரையோடு வந்த படத்தில் நீல நாற்காலி இருக்கிறது, தண்ணீரின் நடுவே, காலியாக. நிறைய பேருக்கு அது பிடித்திருந்தது. படம் எடுத்துக் கால் மணி நேரத்தில் அந்த நாற்காலி போய்விட்டது. கிளம்பும்போது பாக்சிக்கிடம் 15 ரிங்கிட் நீட்டினோம். வேண்டாம் என்றார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தோம்.