கட்டைவிரலும் கைநூலும்

ஒளிரும் களிம்பைக் கையில் பூசி, கழுவிவிட்டு, புற ஊதா விளக்கின் அடியில் நீட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உள்ளங்கை சுத்தமாக இருக்கும். கட்டைவிரலும் நகக்கண்ணும் மின்னும். இலங்கையின் களுத்துறையில் மருத்துவிச்சிப் பயிற்சி பெறுபவரானாலும் மதுரையில் செவிலியர் பட்டயம் படிப்பவரானாலும் விட்டுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

பாடமும் ஒன்றுதான். 2009இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த, கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்கள். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30. ஐந்தாவது தருணம் நோயாளியின் கட்டில் கம்பியையோ மேசையையோ தொட்ட பிறகு வருவது. நோயாளியையே தொடவில்லையே, எதற்குக் கழுவ வேண்டும் என்று மனம் சுலபமாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

வேறுபாடு, அந்தக் கைகள் எங்கே போகின்றன என்பதில்தான். இந்தியாவில் செவிலியர் பட்டயம் முடித்தவர் செவிலியராகவும் மருத்துவிச்சியாகவும் சேர்த்தே பதிவாகிறார். அதனால் மாணவி இந்த மாதம் அறுவைப் பிரிவு, அடுத்த மாதம் பிரசவ அறை என்று சுற்றிக்கொண்டே இருப்பார். கூட்டம் நிறைந்த வார்டில் குழாய் ஒரு மூலையில் இருக்கும், நோயாளி இன்னொரு மூலையில். 2017இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டம் பிரசவ அறையை மதிப்பிடும்போது, முழங்கையால் திறக்கும் குழாய் இருக்கிறதா என்றும் பார்க்கிறது.

இலங்கையில் மருத்துவிச்சி தனிப் பணி, தனிப் பயிற்சி. கொழும்பின் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் தொடங்கியது. களுத்துறைச் சுகாதார அலகு 1926இல் வந்தது. மருத்துவமனை வார்டில் பழகிய மாணவி பிறகு வீடுவீடாகவும் போக வேண்டும். அங்கே சுவரில் படமும் இல்லை, மேற்பார்வைக் கண்ணும் இல்லை. “கொஞ்சம் தண்ணியும் சவுக்காரமும் தாங்கோ அம்மா” என்று அவளேதான் வாய் திறந்து கேட்க வேண்டும். கூச்சப்பட்டால் கழுவாத கையே சிசுவைத் தூக்கும்.

கிருமிக்கு மருத்துவர் என்ற நல்ல பெயரெல்லாம் தெரியாது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கவனித்தது அதைத்தான்: மருத்துவ மாணவர் பார்த்த பிரிவில் தாய்மார் அதிகம் இறந்தார்கள், மருத்துவிச்சி மாணவிகள் பார்த்த பிரிவில் குறைவு. மாணவிகள் பிணக்கூறாய்வு அறைக்குப் போகவில்லை, பிணத்தைத் தொட்ட கையோடு தாயைத் தொடவில்லை, அவ்வளவே.

இரு கரையிலும் ஆசிரியரைத் தயங்க வைப்பது மணிக்கட்டு. மோதிரத்தைக் கழற்று, நகப்பூச்சை அழி என்று அதட்டிவிடலாம். கோயிலில் கட்டிய கயிற்றை என்ன செய்வது? இலங்கையில் அதற்குத் துணையாகப் பிக்கு ஓதிக் கட்டிய வெள்ளைப் பிரித் நூலும் உண்டு. நனைந்த நூல் லேசில் காயாது; அதன் அடியில் சவுக்காரமும் போகாது. கையுறை போட்டால் மறைந்துவிடும் என்பது மாணவிகளின் கணக்கு. கையுறையைக் கழற்றிய பின்னும் கழுவ வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.