பாட்டிக்குப் பல வலி: வீட்டு அச்சுப்பொறியும் நம் பயிற்சித் தாள்களும்

படிவம் 1 மாணவர்களுக்கு ஒரு கருத்துணர்தல் பயிற்சி கொடுத்திருந்தேன். சின்னப் பத்தி. பாட்டிக்குப் பல் வலி, தாத்தா அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறார், அவ்வளவுதான் கதை. 'பாட்டிக்கு என்ன வலி?' என்பது முதல் கேள்வி. ஒரு மாணவன் 'பாட்டிக்குப் பல வலி' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் கோடு போட்டு 2 மதிப்பெண் குறைத்தேன். மறுநாள் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "டீச்சர், பேப்பர்ல அப்படித்தான் இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். 'ல்' என்ற எழுத்தின் மேல் புள்ளி இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. 'கிளினிக்' என்ற சொல்லிலும் ஒரு புள்ளியைக் காணோம். வீட்டு அச்சுப்பொறியில் சிக்கன முறையில் எடுத்த மூலத்தாளைப் பள்ளியின் ரிசோ இயந்திரத்தில் கொடுத்து 34 பிரதி போட்டிருந்தேன். வகுப்பில் மற்ற பிள்ளைகள் பெரும்பாலோர் 'பல் வலி' என்றே எழுதியிருந்தார்கள். அவர்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்தவர்கள்; புள்ளி இல்லாவிட்டாலும் கண் தானாகப் போட்டுக்கொள்ளும். இந்த மாணவன் தேசியப் பள்ளியிலிருந்து வந்தவன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். தாளில் இருந்ததை இருந்தபடி படித்த ஒரே ஆள் அவன்தான்.

அதற்குப் பிறகுதான் வீட்டு அச்சுப்பொறி பற்றிய வழிகாட்டிகளை ஆசிரியர் கண்ணோடு படித்துப் பார்த்தேன். தயாரிப்பாளர்களின் கையேடு, காணொளி, நம் ஆசிரியர் புலனக் குழுக்களில் சுற்றும் குறிப்புகள் எல்லாமே ஒரே இடத்தில் முடிகின்றன. மென்பொருளை நிறுவு, வைஃபையில் இணை, சோதனைப் பக்கம் அச்சிடு, வந்துவிட்டதா, வாழ்த்துகள்! விண்டோஸின் அந்தச் சோதனைப் பக்கத்தை ஒரு பனுவலாக எடுத்துக்கொண்டு பாருங்கள். மேலே விண்டோஸ் சின்னம், கீழே கணினியின் பெயர், டிரைவரின் பெயர், பதிப்பு எண். எல்லாம் ஆங்கில எழுத்து. ஒரு 'க்' கூடக் கிடையாது. கணினி அச்சுப்பொறியோடு பேசுகிறது என்பதை அது நிரூபிக்கும். தமிழ் சரியாக வருமா என்பதைப் பற்றி அது வாய் திறக்காது.

இணைப்பு வேலையைக் குறை சொல்ல அதிகம் இல்லை. முன்பைவிட எளிதாகிவிட்டது. ஆனால் வழிகாட்டிகள் விட்டுவிடும் மூன்று விஷயங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டு அச்சுப்பொறிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருந்தும் பிரிண்டர் மட்டும் இணைய மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். இரண்டாவது, விண்டோஸ் 10 காலத்தில் ஓர் அமைப்பு வந்தது. அது இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் கடைசியாகப் பயன்படுத்திய அச்சுப்பொறியே உங்கள் இயல்பு அச்சுப்பொறியாக மாறிவிடும். பள்ளியிலும் வீட்டிலும் ஒரே மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஓடும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய தலைவலி. வீட்டில் அச்சிடக் கட்டளை கொடுத்தால் அது பள்ளி இயந்திரத்தைத் தேடிக்கொண்டு வரிசையில் நிற்கும். செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பகுதிக்குப் போய் அதை அணைத்துவிட்டு, நீங்களே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மூன்றாவது, தாள் அளவு. சில மென்பொருள்கள் அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கும். அது 216க்கு 279 மில்லிமீட்டர். நம் ஏ4 தாள் 210க்கு 297. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா நிற்கும், நாம் அதைத் தட்டிக்கொண்டிருப்போம்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, இணைய வசதி இல்லாத பிள்ளைகளுக்காகத் தாள் தாளாக அச்சிட்டோம், நினைவிருக்கும். மை தீர்ந்தால் வாங்கக் கடை திறந்திருக்காதே என்று பயந்து, பிரிண்டிங் பிரெஃபரன்சஸ் பகுதியில் தரத்தை 'டிராஃப்ட்' என்று மாற்றினேன். வேர்டில் அச்சிடும்போது மாற்றினால் அந்தக் கோப்போடு போய்விடும். கணினியின் பிரிண்டர் பகுதியிலேயே மாற்றினால் மறுபடி மாற்றும்வரை எல்லாக் கோப்புக்கும் அதுதான். நான் மறந்தே போனேன்.

சிக்கன முறையில் இயந்திரம் என்ன செய்கிறது? மைத்துளிகளைக் குறைவாக, இடைவெளி விட்டுத் தெளிக்கிறது. எழுத்தின் நீளமான கோட்டில் இடைவெளி விழுந்தால் கண் சேர்த்துக்கொள்ளும். புள்ளியில் அப்படி முடியாது. 12 அளவு எழுத்தில் புள்ளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். 300 டிபிஐ என்றால் அதன் குறுக்கே 6 துளிகளுக்கு மேல் இடமில்லை. அதிலும் பாதியை விட்டுவிட்டால், பிறகு ரிசோவோ போட்டோஸ்டேட் இயந்திரமோ மிச்சத்தையும் துடைத்துவிடும். ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தின் மேல் புள்ளி போனால் யாருக்கும் நஷ்டமில்லை. தமிழில் புள்ளி ஓர் அலங்காரமா என்ன? அகரத்தை நீக்கி மெய்யாக்கும் குறி அது. பல் பல ஆகிவிடும், கண் கண ஆகிவிடும். கல்வி என்ற சொல்லில் புள்ளி போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நல்லவேளை, அந்தச் சொல் அன்றைய தாளில் இல்லை.

'ஓலைச்சுவடியில் புள்ளியே வைக்க மாட்டார்களே, அப்போதெல்லாம் படிக்கவில்லையா?' என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொன்ன பிறகும், எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் சுவடிகளில் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. எகர ஏகாரக் குழப்பமும் அங்கே இருந்தது. அதைத் தீர்க்க வீரமாமுனிவர் வர வேண்டியிருந்தது. ஆனால் ஏட்டைப் படித்தவர் மொழியை முன்பே அறிந்தவர். இடம் பார்த்துப் புள்ளியை அவரே போட்டுக்கொள்வார். நம் வகுப்பில் தமிழை இனிமேல்தான் கற்கப்போகும் பிள்ளை இருக்கிறான். சிக்கன முறையில் மிச்சமாகும் மையின் விலையை அவன்தான் கட்டுகிறான்.

அடுத்தது எழுத்துரு. இங்கே நாம் ரசனையே இல்லாமல் இருக்கிறோம் என்பது என் கருத்து. விண்டோஸ் 2000-இலிருந்து லதா கிடைத்தது, அதோடு நின்றுவிட்டோம். லதா நம்பகமானது, மறுக்கவில்லை. கோடு ஒரே தடிமன், எழுத்து அகலம், வரிக்கு வரி நிறைய இடம் பிடிக்கும். ஒரு பக்கக் கட்டுரையை இரண்டு பக்கம் ஆக்கிவிடும். விண்டோஸ் 7-உடன் வந்த விஜயா பார்க்கப் பழைய புத்தக அச்சு மாதிரி அழகு. ஆனால் அதே 12 அளவில் வைத்தால் லதாவைவிடச் சிறிதாகத் தெரியும். அதன் மெல்லிய கோடுகள் சிக்கன முறையில் முதலில் மங்கும். விஜயாவை விரும்புகிறவர்கள் 14, 15-க்குக் குறையாமல் வைக்க வேண்டும். விண்டோஸ் 8-இல் வந்த நிர்மலா திரைக்காகச் செய்த எழுத்து. தாளில் கொஞ்சம் உயிரற்றுத் தெரிகிறது, ஆனால் தெளிவாக வருகிறது. படிவம் 1, 2 பிள்ளைகளுக்கு நான் இப்போது பயன்படுத்துவது நோட்டோ சான்ஸ் தமிழ். இலவசம், யாரும் பகிரலாம்.

மெக் கணினி வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு இணைமதியும் தமிழ் சங்கமும் இருக்கின்றன. இரண்டும் நம்ம ஊர்க்காரரான முத்து நெடுமாறன் வடிவமைத்தவை. 1980களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியவர் அவர். தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரில் நடந்தது, 2013-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கணினித் தமிழில் இப்படிப்பட்ட பின்னணி உள்ள ஒரு நாட்டில், நாம் பகிரும் பயிற்சித் தாள் பக்கத்து ஊரில் கட்டம் கட்டமாக வருகிறது என்றால் வெட்கமாக இருக்க வேண்டாமா?

கட்டம் ஏன் வருகிறது? இங்கே நம் வளப் பகிர்வையும் விமர்சிக்க வேண்டியிருக்கிறது. வேர்டு கோப்பை அப்படியே அனுப்புகிறோம். அதற்குள் எழுத்தின் குறியீடு மட்டும்தான் போகிறது, எழுத்தின் உருவம் போவதில்லை. கிள்ளானில் இருக்கும் தோழி மெக்கில் இணைமதியில் செய்ததை நான் விண்டோஸில் திறந்தால், கணினி வேறோர் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும். வரிகள் நகரும். கேள்வி ஒரு பக்கத்திலும் விடை எழுதும் கோடு மறுபக்கத்திலும் போய் நிற்கும். லதாவும் விஜயாவும் எல்லாக் கணினியிலும் இருக்கும் என்ற எண்ணமும் இப்போது சரியில்லை. விண்டோஸ் 10 முதல் அவை தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய தமிழ்த் துணை எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன.

யூனிகோடுக்கு முந்தைய பழைய வினாத்தாள் தொகுப்புகளின் நிலை இன்னும் மோசம். பாமினியில் தட்டச்சு செய்த 'அம்மா' கோப்புக்குள் தமிழாகவே இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் குறிகளே அச்சாகும். அவற்றை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றி வைப்பதுதான் வழி. மாற்றிய பிறகு கட்டாயம் கண்ணால் ஒருமுறை படியுங்கள்.

பகிரும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எழுத்துரு பெரும்பாலும் உள்ளேயே போய்விடும். மற்றவர் திருத்திப் பயன்படுத்த வேண்டும் என்றால் வேர்டு கோப்பையும் கூட வையுங்கள். சேமிப்பு அமைப்பில் எழுத்துருவைக் கோப்பில் உட்பொதிக்கும் தெரிவு இருக்கிறது. திரையில் ஒழுங்காகத் தெரியும் பிடிஎஃப் தாளில் மட்டும் உடைந்து வந்தால், அதாவது 'கொ'வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போனால், அடோபி ரீடரில் அச்சிடும் பெட்டியின் 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தி, படமாக அச்சிடும் தெரிவைக் குறியிடுங்கள். மெதுவாக வரும், ஆனால் வரும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு போட்டோஸ்டேட் கடைக்காரர். எந்தக் கையேட்டிலும் நான் இதைப் படிக்கவில்லை.

மை செலவு பற்றி ஒரு வார்த்தை. சிக்கனம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எல்லாம் நம் கைக்காசுதான். ஆனால் சிக்கனத்தை எங்கே வைப்பது என்பதில் தவறு செய்கிறோம். பக்கம் முழுக்க இளஞ்சிவப்புப் பின்னணி, நான்கு மூலையிலும் பட்டாம்பூச்சி, தலைப்பில் வானவில். பிறகு பாடத்தின் எழுத்தை மங்கலாக அச்சிட்டு மையை மிச்சம் பிடிக்கிறோம்! பட்டாம்பூச்சி பறந்து போகட்டும். மூலத்தாள் ஒன்றை மட்டும் கறுப்பு வெள்ளையில், உயர்ந்த தரத்தில் எடுங்கள். பிரதிகளை ரிசோவில் போடுங்கள். ஒரு தாளுக்கு ஆகும் கூடுதல் மை ஒன்றுமே இல்லை. மைத்தொட்டி அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் பள்ளி விடுமுறையில் வாரம் ஒரு பக்கமாவது அச்சிடுங்கள். முனை அடைத்துக்கொண்டால் சுத்தப்படுத்துவதற்கே நிறைய மை போகும், அந்த மை முழுதும் கழிவுப் பஞ்சுக்குத்தான்.

இப்போது நான் ஒரு சோதனைப் பக்கம் சொந்தமாகச் செய்து வைத்திருக்கிறேன். முதல் வரி: பல், பல, கண், கண, மண், மண. இரண்டாவது: கெ, கே, கொ, கோ, கௌ. மூன்றாவது: ற்ற, ன்ன, ண்ண, ஞ்ஞ, ஸ்ரீ, க்ஷ். இதே மூன்று வரிகள் 10, 12, 14 அளவுகளில், லதா, விஜயா, நிர்மலா, நோட்டோ என நான்கு எழுத்துருக்களில். சாதாரணத் தரத்தில் ஒன்று, சிக்கனத் தரத்தில் ஒன்று என்று எடுத்து, இரண்டையும் ரிசோவில் ஓட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் இயந்திரத்தில் சிக்கன முறையில் எடுத்த 10 அளவு விஜயாவில் 'மண்' எது, 'மண' எது என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் இயந்திரத்தில் வேறு மாதிரி வரலாம். அந்தப் பக்கத்தை இந்த இதழின் வளப்பகுதிக்குப் பிடிஎஃப் ஆகவும் வேர்டாகவும் அனுப்பியிருக்கிறேன். எடுத்துப் பாருங்கள், எந்த எழுத்துரு உடைகிறது என்று எழுதுங்கள்.

அந்த மாணவனுக்கு 2 மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அப்போ பாட்டிக்கு உண்மையில என்ன வலி டீச்சர்?" என்று கேட்டான். தாளில் பேனாவால் புள்ளி வைத்துக் காட்டினேன்.