அன்னி பெசன்டும் பள்ளிக்கூட பெஞ்சும்

ஆர்.எஸ்.புரத்தை ஒட்டிய மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்தால் ஊட்டி. 1917 ஜூனில் அன்னி பெசன்டை ஆங்கில அரசு காவலில் வைத்தது அந்த ஊட்டியில்தான். லண்டனில் பிறந்து 1893இல் இங்கு வந்தவர். 1916இல் ஹோம்ரூல் லீக் தொடங்கித் தன் இனத்தாரின் ஆட்சியையே எதிர்த்தவர். செப்டம்பரில் விடுதலை, டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைவர். இதெல்லாம் நாம் படித்த பாடப்புத்தகத்தில் உண்டு.

1909 பிப்ரவரியில் சென்னை 'இந்தியன் ரெவ்யூ'வில் அவர் எழுதிய கட்டுரை அதில் கிடையாது. சேரிப் பிள்ளைகளின் உடம்பு நாறுகிறதாம். தலைமுறை தலைமுறையாகக் குடியும் நாற்றச் சாப்பாடும் ஏறிய உடம்பாம். இன்னும் சில தலைமுறை சுத்தமான சோறு தின்ற பிறகுதான் மற்ற பிள்ளைகளோடு நெருங்கி உட்காரலாமாம். இத்தனைக்கும் அவருடைய சபையின் ஆல்காட் 1894இலேயே அடையாற்றில் பஞ்சமர் பள்ளி திறந்திருந்தார்.

கல்கத்தாவில் இதே அம்மையார் தலைமையில்தான், ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் மீதான தடைகளை நீக்கச் சொல்லிக் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. 1945இல் வந்த தன் நூலில் அம்பேத்கர் இதை விசித்திரமான நிகழ்ச்சி என்கிறார். பெசன்டின் கட்டுரையை நீளமாக எடுத்துக் காட்டுகிறார். காங்கிரஸ்–லீக் திட்டத்துக்கு நம்ம ஆதரவு தேவைப்பட்டது, அதற்குத்தான் தீர்மானம் என்பது அவர் வாசிப்பு.

அம்மையார் காவலில் இருந்தது பொய்யில்லை. யாருடைய விடுதலைக்காக என்பதே கேள்வி. கடல் தாண்டி வந்தவருக்கு இந்த நாடு சொந்தமாயிற்று; இங்கேயே பிறந்த பிள்ளைக்கு ஒரு பெஞ்சு சொந்தமாகவில்லை. தியாகின்னு சொல்லுங்க, வேண்டாங்கல. 1917ஐச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் 1909ஐயும் சேர்த்துச் சொல்லட்டும்.