பட்டிப்பளை ஆற்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும்

அம்பாறை மாவட்டத்துக் கடற்கரையில், எங்கள் முஸ்லிம் ஊர்களில் பிறக்கிற பிள்ளை யானையைப் பார்க்குமுன் ஓதிப் பழகிவிடுகிறது. குர்ஆன் மதரஸாவில் மனனமிடும் சின்னச் சூராக்களில் ‘ஃபீல்’ (யானை) ஒன்று. கஅபாவை இடிக்க வந்த படையின் யானை, மக்காவை நோக்கி அடியெடுத்து வைக்க மறுத்துப் படுத்துக்கொண்ட கதையை மூத்தம்மாமார் சொல்லித் தருவார்கள். நபியவர்கள் பிறந்த ஆண்டுக்கே யானை ஆண்டு என்றுதான் பெயர். வளர்ந்து வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகும் வயதில் வேறொரு யானை அறிமுகமாகும். வேளாண்மை முற்றும் நேரம் பார்த்து இரவில் இறங்குகிற யானை அது. பரணில் காவலிருப்பவர் போடும் யானைவெடிக்குச் சற்று ஒதுங்கி நின்று, பிறகு திரும்பி வருகிற யானை.

2020 ஒக்டோபரில் இந்தக் கரையின் யானையை உலகம் முழுவதும் பார்த்தது. யாழ்ப்பாணத்துப் படப்பிடிப்பாளர் தர்மபாலன் திலக்சன், ஒலுவில் பள்ளக்காட்டுப் பக்கம் அஷ்ரப் நகரை அடுத்த காட்டோரக் குப்பைமேட்டில் எடுத்த படங்கள் பல நாட்டுப் பத்திரிகைகளில் வெளிவந்தன. இருபத்தைந்து முப்பது யானைகள் கொண்ட கூட்டம், முழங்கால் புதையும் குப்பையில் துதிக்கையால் துழாவிக்கொண்டிருக்கிறது. பொலித்தீன் பைகளின் சிவப்பும் நீலமும் மஞ்சளும் யானையின் சாம்பல் உடம்புக்கு எதிரே கண்ணைக் குத்துகின்றன. சம்மாந்துறை, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு ஆகிய ஊர்களின் குப்பை அங்கே சேர்வதாக அந்தப் படங்களோடு வந்த செய்தி சொன்னது. எங்கள் ஊரின் பெயரை அந்தப் பட்டியலில் வாசித்தபோது, காலையில் வாசலில் கட்டி வைக்கிற பை நினைவுக்கு வந்தது. அந்த நினைவிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. காட்டுயிர்ப் புகைப்படம் என்னும் கலை இதுவரை எதைக் காப்பாற்றியிருக்கிறது, எப்படிக் காப்பாற்றியிருக்கிறது, எங்கள் கரைக்கு அதனால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கலையின் பெருமைக் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் மிகப் பெரிய கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிப் போய் யோசெமிற்றிப் பள்ளத்தாக்கைப் படமெடுத்தார். அதைக் கண்ணால் காணாத கிழக்குக் கரை அரசியல்வாதிகள் அந்தப் படங்களில்தான் அதைக் கண்டார்கள். 1864இல் ஆபிரகாம் லிங்கன் அந்நிலத்தைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜோர்ஜ் ஷைராஸ் இரவில் மின்னொளித் தூள் வெடித்து எடுத்த விலங்குப் படங்களை 1906இல் ‘நேஷனல் ஜியோகிரபிக்’ வெளியிட்டது. நம் காலத்துக்கு வந்தால், சூழலியலாளர் மைக்கல் ஃபே மத்திய ஆபிரிக்கக் காடுகளை நடந்தே கடந்த பயணத்தை மைக்கல் நிக்கல்ஸ் படமாக்கினார். அவற்றைப் பார்த்த காபோன் ஜனாதிபதி ஓமர் பொங்கோ 2002இல் 13 தேசியப் பூங்காக்களை அறிவித்தார்.

இவை பெரிய வெற்றிகள்தாம். ஆனால் யோசெமிற்றியிலும் காபோனிலும் ஒரே கணக்கு இருக்கிறது. படத்தில் மனிதர் இல்லை; படத்தைப் பார்க்கிறவர் கையெழுத்திடும் அதிகாரம் உடையவர்; காப்பாற்றப்படுவது அவர் வாழாத ஒரு தூரத்து நிலம். யோசெமிற்றியில் பழங்குடிகள் வாழ்ந்தார்கள். சட்டகத்துக்குள் அவர்கள் வராததும், பிறகு அந்த நிலத்திலேயே அவர்களுக்கு இடமில்லாமல் போனதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று நான் நினைக்கவில்லை.

தமிழர்களுக்குச் சொந்தமான மரபு இதிலிருந்து வேறாகத்தான் தொடங்கியது. மா. கிருஷ்ணன் (1912–1996) நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதிக்கொண்டே இருந்தவர். பல கமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு, முதுமலை போன்ற காடுகளில் வளர்ப்பு யானையின் முதுகிலிருந்து காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். 1968இல் நேரு ஆய்வுநல்கை பெற்று, தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைக் களத்தில் ஆராய்ந்தார். அவருடைய படங்களில் ஒளி வித்தை குறைவு. தோலின் மடிப்பு, காதின் கிழிசல், கன்றை நடுவில் விட்டுக் கூட்டம் நிற்கும் விதம் ஆகியவையே அவற்றில் முன்னால் நிற்கும். ஒரு விலங்கை இன்ன விலங்கு என்று அடையாளம் சொல்ல முடிகிற படம் அவருக்குச் சான்றாக இருந்தது. அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் எழுத்தில் வாதாடினார். இந்தியக் காட்டுயிர் வாரியத்திலும் இருந்தார். தமிழிலும் எழுதினார் என்பது நமக்கு முக்கியம். அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். படமும் எழுத்தும் ஒரே ஆளிடமிருந்து, அந்த நிலத்தின் மொழியிலேயே வந்தபோது அவை அழகுக்கு மேலான வேலையைச் செய்தன என்பதற்குக் கிருஷ்ணனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தக் கலையின் இன்னொரு கிளை கேட்டைக் காட்டுவது. கிறிஸ் ஜோர்டன் 2009இல் பசிபிக்கின் மிட்வே தீவில், செத்து உக்கிப்போன அல்பட்ரோஸ் குஞ்சுகளை மேலிருந்து நேராகப் படமெடுத்தார். இறகுக்கும் எலும்புக்கும் நடுவே போத்தல் மூடிகளும் லைட்டர்களும் கிடந்தன. ஒரு துண்டையும் அவர் இடம் மாற்றவில்லை. மேற்கு வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் பிப்லப் ஹஸ்ரா எடுத்த படத்தில் தீப்பந்தம் பட்ட குட்டி யானை எரியும் உடம்போடு ஓடுகிறது, முன்னால் தாய். 2017இல் ‘சாங்சுவரி’ இதழின் விருது பெற்ற படம் அது. சட்டகத்தில் மனிதக் கூட்டமும் இருக்கிறது. விரட்டுகிறவர்களும் ஏழைகள்தாம் என்பதை அந்தப் படம் மறைக்கவில்லை. நான் பார்த்த யானைப் படங்களில் அதுதான் மிகவும் நேர்மையானது.

இலங்கைக்கு வருவோம். எங்கள் நாட்டின் காட்டுயிர்ப் புகைப்படம் பெரும்பாலும் யால சிறுத்தையையும் மின்னேரியாவில் கூடும் யானைகளையும் சுற்றியே வளர்ந்தது. அதனால் உல்லாசப் பயணிகள் வந்தார்கள், காட்டுக்கு ஒரு விலை ஏற்பட்டது, அந்த விலை காட்டுக்குக் காவலாகவும் அமைந்தது. ஆனால் ஒரு சிறுத்தை மரத்தில் படுத்திருக்கிறது என்று தெரிந்ததும் ஜீப்புகள் அத்தனையும் அங்கே ஓடி நெருக்குவதும் அதே படங்களின் விளைவுதான். இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் கமராவைக் காவலன் என்று மட்டும் புகழ்வது சரியாகாது.

அம்பாறை மாவட்டத்தின் அழகுப் படம் கல்லோயாத் தேசியப் பூங்காவில் எடுக்கப்படுகிறது. 1954இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. அங்கே சேனநாயக்க சமுத்திர நீர்த்தேக்கத்தில் ஒரு தீவிலிருந்து மறு தீவுக்கு யானைகள் நீந்திப் போகும். தண்ணீருக்கு மேல் துதிக்கையும் நெற்றியும் மட்டும் தெரியும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பலர். நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்வது அந்தக் கல்லோயாவைத்தான். அதே ஆறு வட்டைகளுக்கெல்லாம் நீர் கொடுத்துவிட்டு, ஒலுவில் பக்கத்தில் கடலில் விழுகிறது. நீந்தும் யானையின் படம் ஆற்றின் தலைமாட்டில். குப்பை தின்னும் யானையின் படம் அதன் கால்மாட்டில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் எங்கும் கண்டதில்லை. தனித்தனியே பார்த்தால் ஒன்று சொர்க்கம், மற்றது அவமானம். சேர்த்துப் பார்த்தால்தான் நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வி எழும்.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். எங்கள் ஊர்கள் கடலுக்கும் வட்டைக்கும் நடுவே ஒடுங்கிய மணற்கீற்றில் நெருங்கி நிற்பவை. மதிலோடு மதில் ஒட்டிய வீடுகளில் குப்பை புதைக்க ஒரு முழம் நிலம் கிடையாது. 2004 சுனாமிக்குப் பிறகு நெருக்கம் இன்னும் கூடியது. 2008இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் பள்ளக்காட்டில் திண்மக் கழிவு முகாமைத்துவ நிலையம் அமைந்தது. சுற்றிலும் மின்வேலி இருந்தது. 2014இல் மின்னல் தாக்கி வேலி பழுதானது, திருத்தப்படவில்லை. சுற்றியுள்ள ஊர்களின் கழிவு தரம் பிரிக்கப்படாமல், மீள்சுழற்சி செய்யப்படாமல் கொட்டப்பட்டது. சோற்று வாசம் வீசும் பையை யானை பையோடு விழுங்கியது. 2022 ஜனவரியில் மேலும் இரண்டு யானைகள் இறந்தபோது, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே மாண்டிருந்ததாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி சொன்னது. பிரேத பரிசோதனை செய்த வனஜீவராசிகள் மிருக வைத்தியர் நிஹால் புஷ்பகுமார, பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் பிளாஸ்டிக்கும் செமிக்காத வேறு பொருட்களும் தண்ணீரும்தான் வயிற்றில் இருந்தன என்றார். யானை வழமையாகத் தின்று செமிக்கும் உணவு எதுவும் அங்கே இல்லை.

படங்கள் எதையாவது மாற்றினவா? மாற்றின. 2022இன் இறப்புச் செய்திக்குப் பிறகு குப்பைமேட்டைச் சுற்றி அகழி வெட்டப்போவதாக அதிகாரிகள் அறிவித்தார்கள். 2023 பெப்ரவரியில், ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றைத் தடை செய்யும் தீர்மானத்தை அமைச்சரவை எடுத்தபோது, யானைகளும் மான்களும் பிளாஸ்டிக் தின்று இறப்பதோடு சேர்த்தே ஊடகங்கள் அதைப் பேசின. அந்த ஆண்டு ஒக்டோபர் முதல் பிளாஸ்டிக் கரண்டி, உறிஞ்சி, கோப்பை, இடியப்பத் தட்டு போன்றவை தடைக்குள் வந்தன. கடையில் சாமான் போட்டுத் தரும் பை அந்தப் பட்டியலில் இல்லை. திலக்சனின் படங்களில் நிறைந்து கிடப்பது அந்தப் பைதான். புகைப்படம் சட்டத்தின் வாசல்வரை போனது, உள்ளே முழுதாகப் போகவில்லை என்பதே என் கணிப்பு.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். குப்பை தின்னும் யானையின் படத்தைத் தூர நாட்டில் பார்த்தவர் இரங்குகிறார். கொழும்பில் பார்த்தவர், இந்த ஊர் மக்கள் யானையைக் கொல்கிறார்கள் என்கிறார். வட்டைக்குள் பயிரைப் பறிகொடுத்தவரும், விடியற்காலையில் வயலுக்குப் போய்த் திரும்பி வராதவரின் குடும்பமும் எந்தப் படத்திலும் இல்லை. 2019 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் நாட்டில் 300க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. அதே ஆண்டுகளில் யானையால் இறந்த மனிதர் ஆண்டுக்கு 100க்கு மேல். 2011 கணக்கெடுப்பில் இருந்தவை 5,879 யானைகள். இந்த எண்களை யானை ஒரு பக்கம், விவசாயி மறுபக்கம் என்று பிரிக்கிற படம் எங்கள் கரைக்கு உதவாது. குப்பையின் ருசி கண்டு ஊரை நெருங்கிய யானைதான் அடுத்த இரவு மதிலை முட்டி நெல் மூட்டையைத் தேடுகிறது. இருவருக்கும் கேடு ஒரே இடத்திலிருந்து வருகிறது.

நிக் பிரான்ட் போன்றவர்கள் கிழக்காபிரிக்க யானைகளின் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கலைக்கூடங்களில் வைத்துப் புகழ் பெற்று, அந்தப் புகழை மூலதனமாக்கி 2010இல் அம்போசெலியைச் சுற்றிக் காவல் அமைப்பை நிறுவினார்கள். அந்த வழி இங்கே ஒத்துவராது. படத்தை விலைக்கு வாங்கி மாட்டும் சுவர் எங்களிடம் இல்லை. எங்கள் வீட்டுச் சுவர்களில் கஅபாவின் படமும் அரபு எழுத்தணியும் இருக்கும். உயிருருவத்தை மாட்டப் பலர் விரும்புவதில்லை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே வீட்டில் ஆளுக்கொரு கைபேசி இருக்கிறது. யானை வட்டைக்குள் இறங்கினால் அரைமணி நேரத்துக்குள் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் படம் ஓடுகிறது. இந்தக் கரையின் கண்காட்சி மண்டபம் அதுதான். அங்கே வருபவை இப்போது அவசரப் படங்கள். திகதி இல்லை, இடம் இல்லை, எந்த யானை என்று தெரியாது. நாளைக்கு அழிந்துவிடும்.

கல்முனையிலும் ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் நல்ல கமரா வைத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் அவர்களின் கைத்திறனைப் பார்த்திருக்கிறேன். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே இருக்கிறது. அவர்களிடம் கேட்கிறேன்: மாதத்தில் ஒரு நாள் பள்ளக்காட்டுக்குப் போங்கள். கிட்டப் போகாதீர்கள், விரட்டாதீர்கள், எதையும் வீசிக் கூப்பிடாதீர்கள். காதின் கிழிசலையும் வாலின் மயிரையும் தெரியும்படி எடுங்கள். ஒவ்வொரு யானைக்கும் ஓர் ஏடு திறவுங்கள். யானை இலண்டத்தில் கிடக்கும் பையையும் எடுங்கள், அதில் அச்சிட்ட கடைப்பெயர் வாசிக்கத் தெரிந்தால் அதையும் விடாதீர்கள். வயல் காவலில் விழித்திருக்கும் மனிதரைக் கேட்டு, அனுமதி வாங்கி, அவரையும் எடுங்கள். ஆற்றின் தலைமாட்டுப் படத்தையும் கால்மாட்டுப் படத்தையும் ஒன்றாக வையுங்கள். கொழும்புக்கும் லண்டனுக்கும் அனுப்புமுன், கல்முனைச் சந்தையில் பை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்குக் காட்டுங்கள்.