மேகம் வரைந்த கேப்டன்

மதராஸ் படைக் கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1850-களில் எடுத்த கோயில் படங்களில் வானத்தைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். சில படங்களில் மேகங்கள் அளவுக்கு மீறி அழகாக இருக்கும். கோபுரத்துக்கு எங்கே ஒரு தாங்கல் வேண்டுமோ அங்கே வந்து நிற்கும். சந்தேகம் நியாயமானதுதான். அந்த மேகங்கள் கேமராவில் விழுந்தவை இல்லை. நெகட்டிவின் மேல் டிரைப் தூரிகையால் தீட்டியவை.

இது ஏமாற்று வேலை என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்து வெள்ளி உப்புக்கு நீல ஒளி மட்டும்தான் நன்றாகத் தெரியும். கல்லும் மரமும் சரியாகப் பதியும்வரை காத்திருந்தால் அதற்குள் வானம் அளவு கடந்து பதிந்துவிடும். அச்சில் அது வெறும் வெள்ளைத் தாளாக, சமயத்தில் திட்டுத்திட்டாகக் கறைபட்டு வரும். பலர் வானத்தை நெகட்டிவில் ஒரே மையாகப் பூசி மறைத்தார்கள். டிரைப் அங்கே மேகத்தை வரைந்தார். மரத்தின் இலைகள் கறுத்துப் போன இடத்திலும் மெல்லத் தூரிகை வைத்து வெளிச்சம் கொடுத்தார். ஆனால் கல்லைத் தொடவில்லை. தூணோ சிற்பமோ கோபுரமோ, கேமரா கண்டது கண்டபடியே இருக்கும். எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்ற இந்தத் தெளிவுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822-ல் பிறந்தவர். பதினாறு பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்தார். 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊருக்குப் போனபோது புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து பெங்களூரில் பணியில் இருந்த காலத்தில், 1854 இறுதியில், ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855 மதராஸ் பொருட்காட்சியில் அவை பாராட்டுப் பெற்றன. அதே ஆண்டு டல்ஹவுசி பிரபு பர்மா மன்னரிடம் அனுப்பிய தூதுக்குழுவோடு அமரபுரம் வரை போனார். அந்தப் பயணத்திலிருந்து 120 படங்களைத் தேர்ந்து தொகுதியாக்கினார். 1856-ல் மதராஸ் மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில், வடக்கே கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரத்தில், தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணம் தொடங்கியது. ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய ஊர்களை நான்கைந்து மாதத்தில் முடித்தார்.

அந்த வேலைக்குப் பெரும்பாலும் அவர் நம்பியது காகித நெகட்டிவை. அப்போது ஐரோப்பாவில் கண்ணாடித் தகட்டு முறை வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் நுணுக்கம் கூடுதல்தான். ஆனால் தகட்டில் பூசிய கொலோடியன் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் விட வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரம் எத்தனை நிமிடம் நிற்கும்? போகும் இடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் மருந்துப் புட்டிகளும் கூடவே போக வேண்டும். காகித முறையில் அந்தப் பதற்றம் இல்லை. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1851-ல் வெளியிட்ட வழி இது. நல்ல தாளை உருகிய மெழுகில் தோய்த்து நார் தெரியாதபடி ஆக்கி, பிறகு அயோடைடிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் ஊறவைப்பார்கள். இப்படித் தயாரித்த தாள் சில நாள் தாங்கும். படம் எடுத்த பிறகு உடனே கழுவ வேண்டியதில்லை. பகலில் எடுத்ததை ராத்திரி தங்கும் இடத்தில் காலிக் அமிலத்தில் போட்டு, மணிக்கணக்கில் உருவம் எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

விலை ஒன்று உண்டு: வேகம் கிடையாது. ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். தெருவில் நடந்துபோனவர்கள் பதியவே மாட்டார்கள். டிரைப்பின் மதுரையும் ஸ்ரீரங்கமும் ஆள் அரவமற்றுக் கிடப்பதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் மனசில் இருக்கிறது என்பேன். அவரை அனுப்பிய அரசுக்குக் கட்டடங்களின் பதிவுதான் தேவை, அவற்றில் புழங்கிய மனிதர்கள் தேவைப்படவில்லை. ஆட்சி செய்கிறவன் தன் கையில் இருப்பதைக் கணக்கெடுக்கும் கண் அது. மதுரைக் கோயில் நகைகளை வெளியே எடுத்துப் பரப்பி வைத்து அவர் எடுத்த படத்தைப் பார்க்கும்போது இது உறுத்தும். அணியும் தெய்வமும் இல்லாமல், விளக்கொளியும் இல்லாமல், சரக்குப் பட்டியலுக்கு வைத்த பொருள்போல அந்த நகைகள் கிடக்கின்றன.

அதே மதுரையில்தான் அவருடைய தலைசிறந்த படமும் இருக்கிறது. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் தென்பகுதி நடைபாதையை மேற்கு முகப்பில் நின்று எடுத்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாகத் தையல் மிஷின் சத்தமும் பாத்திரக் கடையும் பழைய புத்தகக் கட்டும் நிறைந்திருந்த புதுமண்டபத்தைத் தெரிந்தவர்கள் இந்தப் படத்தை முதலில் பார்த்தால் சற்றுத் திகைப்பார்கள். தூண்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கின்றன. பக்கவாட்டிலிருந்து வெயில் தூண்களுக்கு இடையே புகுந்து தரையில் பட்டை பட்டையாக விழுகிறது. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் உள்ள நிழல் ஒரே கறுப்பாக இல்லை. உற்றுப் பார்த்தால் அதற்குள்ளும் செதுக்கு வேலை தெரிகிறது.

இதை எடுப்பது எவ்வளவு கடினம் என்று படமெடுக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும். வெயிலுக்கு அளந்தால் நிழல் கரியாகும், நிழலுக்கு அளந்தால் வெயில் வெளுத்துப் போகும். டிரைப் நிழலுக்காகக் காத்திருந்திருக்கிறார், வெயிலைக் கைவிடாமல். இங்கே காகிதம் அவருக்குத் துணை செய்தது. மெழுகேறிய தாளிலும் நாரின் மென்மை கொஞ்சம் தங்கிவிடும். ஒளியின் விளிம்பு கத்திபோல வெட்டாது, கல்லின் சொரசொரப்பில் இறங்கிக் கலக்கும். பத்தாண்டு கழித்து சாமுவேல் போர்ன் கண்ணாடித் தகட்டோடு தென்னாட்டுக் கோயில்களுக்கு வந்தார். அவர் படங்களில் துல்லியம் அதிகம், காட்சி அமைப்பும் கண்ணுக்கு இதம். ஆனாலும் கருங்கல்லின் கனத்தை உணர வேண்டுமானால் நான் டிரைப்பிடம்தான் போவேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி வழக்கத்தில் இல்லை. நெகட்டிவ் எவ்வளவோ அச்சும் அவ்வளவுதான். ஒரு அடிக்கும் மேல் அகலமுள்ள படம் வேண்டுமென்றால் அந்த அளவு நெகட்டிவும், அதைத் தாங்கும் பெரிய கேமராவும் வேண்டும். நெகட்டிவை வெள்ளி உப்பு ஏற்றிய தாளோடு ஒட்டவைத்து வெயிலில் காயவைத்து அச்செடுப்பார்கள். டிரைப் தன் அச்சுகளைத் தங்கக் கரைசலில் தோய்த்து நிறம் ஏற்றினார். பழுப்பு வெளுத்துப்போகாமல் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஆழம் இன்றுவரை நிற்பதற்கு அது ஒரு காரணம்.

மதுரைப் படங்களை ஊர்க்காரர்கள் வேறொரு ஆசையோடும் பார்க்கலாம். முடிவுறாத ராயகோபுரத்தின் நிலைத்தூண்கள் இருக்கின்றன. வைகையைக் கடக்கும் தாழ்ந்த கல்பாதை இருக்கிறது. ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் செப்பனிடப்படுவதற்கு முந்திய நாயக்கர் மஹால் இருக்கிறது. துணி எடுக்க விளக்குத்தூண் பக்கம் போகிறவர்கள் அந்தத் தூணையே டிரைப் படத்தில் பார்க்கலாம். கோட்டை மதிலை இடித்து மதுரையை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவுக்கு எழுப்பிய விளக்கு அது. படத்தின் தலைப்பிலும் அவர் பெயரே இருக்கிறது.

சென்னைக்குத் திரும்பியதும் அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டே அவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. அப்போது டிரைப்பின் படப்பிரிவில் மும்முரமாக அச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவலியன் இதெல்லாம் அரசுப் பணத்தில் செய்யத் தகாத ஆடம்பரம் என்று முடிவெடுத்து வேலையை நிறுத்தினார். கலகத்துக்குப் பிறகு கஜானா காலியாக இருந்தது உண்மை. என்றாலும் இன்னும் இரண்டு குளிர்காலம் விட்டிருந்தால் காஞ்சிபுரமும் சிதம்பரமும் திருநெல்வேலியும் நமக்குக் கிடைத்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. டிரைப் படைக்குத் திரும்பினார். அதன்பின் எடுத்த படங்கள் மிகக் குறைவு. 1902-ல் பிறந்த ஊரிலேயே இறந்தார். அவரிடம் வேலை கற்ற ஐயாசாமி என்பவர் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் புகைப்பட வேலையைத் தொடர்ந்தார். அந்தப் பெயரைப் பற்றி நம் ஆய்வாளர்கள் இன்னும் நிறையத் தேட வேண்டும்.

தஞ்சாவூரை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். பெரிய கோயிலை முழுதாகக் காட்டும் படங்களையும் டிரைப் எடுத்தார். நல்ல படங்கள்தான், ஆனால் அந்த விமானத்தை யார் எடுத்தாலும் ஓரளவு நன்றாகத்தான் வரும். அவர் பெயரை நிலைக்கவைப்பது வேறு ஒன்று. விமானத்தின் அடியில் அதிட்டானத்தில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளைப் பக்கவாட்டில் துண்டு துண்டாக நகர்ந்து எடுத்தார். 21 படங்கள். அவற்றை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டினால் 19 அடி நீளம் வரும். விரித்துப் பார்க்க ஒரு கூடம் வேண்டும்.

அந்த நீளத்தை ஒரே சீராகக் கொண்டுபோவதுதான் வித்தை. ஒவ்வொரு முறை கேமராவை நகர்த்தும்போதும் சுவரிலிருந்து அதே தூரம், அதே உயரம் வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் எழுத்து வரி ஒட்டில் உடைந்து ஏறியிறங்கும். 21 தடவையும் பதிவு ஒரே அளவில் இருந்தால்தான் ஒரு துண்டு கறுத்து அடுத்தது வெளுக்காமல் இருக்கும். நகர்ந்துகொண்டே இருக்கும் சூரியனை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். கல்லில் வெட்டிய எழுத்து தெரிவதற்கே சாய்வெளிச்சம் தேவை. நேர் வெயிலில் வெட்டு நிரம்பிப்போய் மொழுக்கென்று ஆகிவிடும்.

படமாகப் பார்த்தாலும் இது அதுவரை யாரும் நினைக்காத வடிவம். அன்று பரந்த காட்சிப் படம் என்றால் நகரத்தை, மலையை, துறைமுகத்தைக் காட்டுவது. டிரைப்பின் பரந்த காட்சியில் தொடுவானமே கிடையாது. ஆழமும் தூரமும் இல்லை. கண்ணுக்கு ஒரே வேலைதான்: இடமிருந்து வலமாகப் போக வேண்டும். படம் பார்ப்பதையும் ஏடு படிப்பதையும் அவர் ஒன்றாக்கிவிட்டார்.

ஆனால் 1858-ல் அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. தஞ்சைத் தொகுதிக்கு விளக்கம் எழுதியவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்தான்: பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப். அவ்வளவு தமிழ் கற்றவர் பக்கத்தில் இருந்தும், கோயிலைக் கட்டியவர் யார் என்பது அன்று உறுதிப்படவில்லை. கரிகாலன் என்று ஒரு கதை, காடுவெட்டிச் சோழன் என்று இன்னொரு கதை வழங்கின. விடை அந்தக் கோயில் சுவரிலேயே, ராஜராஜன் தன் வாய்மொழியாக வெட்டவைத்த கல்வெட்டில் இருந்தது. ஓய்கன் ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் 1886-ல் அரசுக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்று, உதவியாளர்களோடு அந்தச் சுவரை வரிவரியாகப் படித்த பிறகே கட்டியவர் ராஜராஜன் என்பது உறுதியானது. தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் அவர் விமானத்துக்குச் செப்புக்குடம் கொடுத்தது உட்பட எல்லாம் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் அச்சேறியது.

ஹூல்ஷ் கையாண்டது மைப்படி. தாளை ஈரமாக்கிக் கல்லில் ஒட்டித் தட்டி மை ஒற்றும் முறை. படிப்பதற்கு இன்றும் அதுதான் சிறந்தது. ஆனால் மைப்படி எழுத்தை மட்டும் கொடுக்கும், கல்லைக் கொடுக்காது. எழுத்து அதிட்டானத்தின் உருண்டை வரியான குமுதத்தின் வளைவில் ஏறுகிறதா, பட்டிகையில் தட்டையாக ஓடுகிறதா, கல்லின் இணைப்பு எந்தச் சொல்லின் நடுவில் வருகிறது, எங்கே பொரிந்திருக்கிறது என்பதெல்லாம் டிரைப்பின் 21 துண்டுகளில் இருக்கிறது. கல்வெட்டு மாணவர்கள் ஹூல்ஷின் பாடத்தை ஒரு பக்கமும் அந்தப் படத்தை மறு பக்கமும் வைத்துக்கொண்டு பெரிய கோயிலின் சுவர் எதிரே நின்று ஒப்பிட்டால், இந்த 160-க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் எந்தெந்த எழுத்துத் தேய்ந்திருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லலாம்.